வெளிநாட்டு வீடியோ கேம் வேலூர் வீட்டில் ஓடுமா?

பழைய வடாற்காடு மாவட்டத்தில் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ இருக்கிற பல வீடுகளுக்கு அது கடை வழியாக வந்திருக்காது, சூட்கேஸ் வழியாக வந்திருக்கும். மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே போனாலும் துபாயிலோ ரியாத்திலோ ஒருவர் இருக்கிற குடும்பம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். தோல் வியாபாரமாக ஐரோப்பா போய் வருகிறவர்களும் உண்டு. காட்பாடியில் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போன பிள்ளை முதல் விடுமுறைக்கு வரும்போது தம்பியிடம் என்ன வேண்டும் என்று கேட்பான். தம்பிக்கு யோசிக்கக்கூட நேரம் தேவைப்படாது.

இதற்கு விலை மட்டும் காரணமில்லை. பிளேஸ்டேஷன் 5, சுருக்கமாக பிஎஸ்5, வெளிநாடுகளில் 2020 நவம்பரில் வந்தது. இந்தியக் கடைகளுக்கு 2021 பிப்ரவரி 2-ம் தேதிதான் வந்தது, 49,990 ரூபாய்க்கு. அதன் பிறகும் வெகுநாள் வரை முன்பதிவு திறந்த வேகத்தில் தீர்ந்துபோனது. நிண்டெண்டோ ஸ்விட்ச் கதை இன்னும் மோசம். 2017 மார்ச் 3-ல் உலகச் சந்தைக்கு வந்த அந்த இயந்திரம் இந்தியாவில் அதிகாரபூர்வமாக வெளியிடப்படவே இல்லை. இங்கே ஸ்விட்ச் வைத்திருக்கிற ஒவ்வொருவர் கையிலும் இருப்பது ஏதோ ஒரு நாட்டுக்காகத் தயாரான சரக்கு.

பெட்டியைப் பிரித்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஊரு கரண்ட் வேற ஆச்சேப்பா, இங்க செருகினா புகைஞ்சிடாதா?" என்பதுதான். நியாயமான பயம். ஆனால் இன்றைக்கு இருக்கிற கேள்விகளில் சுலபமாகத் தீரக்கூடியது அதுதான். வெளிநாட்டு கேம் இயந்திரத்துக்கான தடை ஒரு காலத்தில் சுவரில் இருக்கிற பிளக்கில் இருந்தது. பிறகு டிவிக்கும் டிஸ்க்குக்கும் நகர்ந்தது. இப்போது இயந்திரத்துக்குள் நாம் திறக்கிற கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. பயப்பட வேண்டிய இடம் மாறிப்போனது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

கரண்டையே முதலில் பார்த்துவிடலாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அதிலும் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. துபாயும் சிங்கப்பூரும் நம்மைப் போலவே 230. சவூதியில் நீண்ட காலம் ஒரே வீட்டுக்குள் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் சேர்ந்தே இருந்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அங்கிருந்து மிக்சியும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தவர்கள் கூடவே ஒரு 'ஸ்டெப் டவுன்' டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வைக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் அதுதான். யாராவது அவசரத்தில் நேராகச் செருகி ஏதாவது ஒன்று புகைந்திருக்கும். பெரியவர்களின் பயம் அங்கிருந்து வருகிறது.

120 வோல்ட்டுக்கு மட்டும் செய்த பவர் சப்ளையை நம் பிளக்கில் செருகினால் உள்ளே நடப்பது இது. 230 வோல்ட் என்பது ஏசி மின்சாரத்தின் சராசரிக் கணக்கு; அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். அது ஏசியை டிசியாக்கும் டயோடுகளைத் தாண்டி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற ஒரு பெரிய கெபாசிட்டரில் போய்ச் சேரும். அமெரிக்க வீட்டுக்கு உச்சியே 170 வோல்ட் என்பதால் அங்கே பெரும்பாலும் 200 வோல்ட் தாங்குகிற கெபாசிட்டரைத்தான் போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால், ஃபியூஸை ஒட்டி, வட்டவில்லையாக ஒரு வேரிஸ்டர் நிற்கும். அளவுக்கு மீறி வோல்டேஜ் வந்தால் அது மின்சாரத்தைத் தன் வழியாகவே பாயவிட்டு ஃபியூஸை அடித்துவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், வேரிஸ்டரும் ஃபியூஸும் மட்டும் போகும். இரண்டும் சில்லறைக் காசில் கிடைக்கிற பொருள்கள். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் கெபாசிட்டர் பிதுங்கி, பலகையே கருகிவிடும்.

இந்த ஆபத்து உள்ள இயந்திரங்கள் இப்போது பழையவை மட்டுமே. அமெரிக்காவில் விற்ற பெரிய உடம்பு பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வெளியே செங்கல் மாதிரி கிடக்கும் தனி பவர் பிரிக், முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் பிரிக், நிண்டெண்டோ வீ-யின் அடாப்டர், ஜப்பானின் சூப்பர் ஃபாமிகாம் எல்லாம் அந்த ரகம். பிஎஸ்4, பிஎஸ்5, ஸ்விட்ச் மூன்றும் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எக்ஸ்பாக்ஸில் 2016-ல் வந்த ஒன் எஸ் முதல் தனி பிரிக் போய் பவர் சப்ளை உடம்புக்குள் நுழைந்துவிட்டது. என்றாலும் மாடல் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். வாங்கும் முன்பே அடிப்பக்கத்து லேபிளை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 'இன்புட்' என்ற வரியில் 100-240 என்று இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். 120 என்றோ 100-127 என்றோ நின்றுவிட்டால் கட்டாயம் வேண்டும். அதுவும் இயந்திரம் இழுக்கிற வாட்டைவிடத் தாராளமாக, நிஜமான செப்புச் சுருள் டிரான்ஸ்ஃபார்மராக இருக்க வேண்டும். ஹேர் டிரையருக்காக விற்கிற லேசான பயணக் கன்வெர்ட்டர் மின் அலையை நறுக்கிக் கொடுக்கிற சரக்கு. கேம் இயந்திரத்துக்கு ஆகாது. 50-ஆ 60-ஆ என்ற ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. உள்ளே போனதும் எல்லாம் டிசி ஆகிவிடுகிறது.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. மே மாதத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் 170, 180 என்று இறங்கி, ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் 'டக்' என்று வெட்டிக்கொள்ளும் நேரத்திலும், 100 வரை தாங்குகிற இந்தப் பவர் சப்ளை அசையாமல் ஓடும். லோ வோல்டேஜுக்காக இதற்கு ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு. கொல்லக்கூடியது ஹை வோல்டேஜ்தான். தெருக் கம்பத்தில் நியூட்ரல் கட் ஆனால் ஒரு ஃபேஸ் வீட்டில் 300-க்கு மேல் ஏறும். அப்போது துபாய்ச் சரக்கு, உள்ளூர்ச் சரக்கு என்ற பேதம் இல்லாமல் செருகியிருந்த எல்லாமே போகும். பல்பு திடீரென்று பளீரென எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணைக்க வேண்டும். கேம் இயந்திரத்தை முழுதாக அணைக்காமல் ராத்திரி முழுக்க ரெஸ்ட் மோடில் தூங்க விடுவதும் நம் ஊருக்கு ஒத்துவராத பழக்கம். கரண்ட் போய் வந்தால் மறுநாள் "ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்று திட்டிவிட்டு ஸ்டோரேஜைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். பழைய ஸ்கொயர் வேவ் பெட்டி இந்த மாதிரி பவர் சப்ளைகளோடு ஒத்துப்போகாது.

பிளக் விஷயம் இன்னும் சின்னது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவது மூன்று சதுரக் கால் பிளக். அமெரிக்காவிலிருந்து வருவது தட்டைக் கால். இதற்கு ஆளாளுக்கு மல்ட்டி பிளக் வாங்குகிறார்கள். அது லூசாக நின்று, உள்ளே பொறி பறந்து, ஒருநாள் பிளாஸ்டிக் உருகும். அதற்குப் பதிலாக வயரையே மாற்றிவிடலாம். பிஎஸ்5-ன் பின்னால் இருப்பது எட்டு வடிவத் துளை. பழைய டேப் ரெக்கார்டருக்கும் ரேடியோவுக்கும் போட்ட அதே வயர்தான். எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் ஐஎஸ்ஐ முத்திரையோடு நம் ஊர் உருண்டைக் கால் வைத்ததாகக் கேட்டு வாங்கலாம். ஸ்விட்ச் மட்டும் விலக்கு. அதன் அடாப்டரிலேயே பிளக் சேர்ந்திருப்பதால் நல்ல கன்வெர்ஷன் பிளக் ஒன்று தேவை. ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கிற டாக்கைப் போன் சார்ஜரை வைத்து ஓட்டப் பார்த்தால் டிவியில் படம் வராது; அது 15 வோல்ட் கேட்கும்.

எட்டுத் துளை வயரில் எர்த் கிடையாது. அதனால்தான் ஓடுகிற இயந்திரத்தின் பின்பக்க உலோகத்தைப் புறங்கையால் தொட்டால் 'சுர்' என்று ஒரு கூச்சம் தெரியும். ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், மறுபக்கம் எர்த்தோடு சேர்ந்த டிவியோ கேபிள் டிவி லைனோ இருக்கும்போது, போர்ட்டுக்குள் இருக்கிற சிப் அடிபடலாம். முதலில் ஹெச்டிஎம்ஐ, கடைசியில் கரண்ட் என்று வரிசை வைத்துக்கொள்வது நல்லது.

டிவிப் பிரச்சினை இப்போது கதையாகிவிட்டது. பழைய டிவி ஒளிபரப்பில் இந்தியா பால் (PAL) முறையில் வினாடிக்கு 50 முறை படம் வரையும், அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 60 முறை. அமெரிக்கப் பெட்டியை மஞ்சள் வயரில் பழைய டிவியோடு இணைத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கும். ஹெச்டிஎம்ஐ வந்த பிறகு அந்த வேறுபாடே போய்விட்டது. இன்று கடையில் விற்கிற எந்த டிவியும் 60-ஐ ஏற்கும்.

அடுத்த தடை டிஸ்க்கில் இருந்தது. பிஎஸ்1, பிஎஸ்2 காலத்தில் ஜப்பான், அமெரிக்கா, பால் நாடுகள் என்று உலகத்தை மூன்றாகக் கூறு போட்டிருந்தார்கள். ஒரு கூறின் டிஸ்க் இன்னொன்றில் ஓடாது. ஆனால் நம் ஊரில் அதை யாரும் பெரிதாக உணரவில்லை, ஏனென்றால் சென்னை பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ 'சிப்' போட்டுத்தான் பெட்டியே கைக்கு வரும். சிப் போட்ட பெட்டி எந்த நாட்டு டிஸ்க்கையும், கள்ள டிஸ்க்கையும் சேர்த்து ஓட்டிவிடும். திருட்டுச் சந்தை இருந்ததால் பகுதித் தடை என்று ஒன்று இருந்ததே நமக்குத் தெரியாமல் போனது. பாடம் படிக்காமலேயே அடுத்த வகுப்புக்குப் போய்விட்டோம்.

இயந்திரத்துக்குள் இணையக் கணக்குகள் வந்த பிறகு அந்தப் பாடம் திரும்பி வந்தது. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்றது. சேவை கிடைக்கும் நாடுகள் என்று முதலில் 21 பெயர்களைக் கொடுத்தது. அதில் இந்தியா இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு ஜூன் 19-ல் இந்தத் தடைகளைக் கைவிட்டது. அன்று பின்வாங்கியிருக்காவிட்டால், 2014 செப்டம்பரில் அந்த இயந்திரம் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வரும் வரை சித்தப்பா கொண்டுவந்த பெட்டி ஷோகேஸில்தான் இருந்திருக்கும்.

இன்றைய நிலவரம் இது. பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் ஒன் முதலானவற்றில் எந்த நாட்டு கேம் டிஸ்க்கும் ஓடும், ஸ்விட்ச்சில் எந்த நாட்டு கேம் கார்டும் ஓடும். துபாய்ப் பெட்டியில் இந்தியக் கணக்கு திறக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். சிக்கல் ஆரம்பிப்பது எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்துக் கணக்கு திறக்கிறோம் என்பதில். பெட்டியைக் கொண்டுவருகிறவர் அங்கேயே ஆன் செய்து, தன் நாட்டைக் காட்டிக் கணக்கையும் திறந்து, "எல்லாம் ரெடி பண்ணிட்டேன் மாப்ளே" என்று பெருமையாகக் கொடுப்பார். பிளேஸ்டேஷன் கணக்கில் ஒருமுறை பதிந்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. அந்தக் கணக்கில் கேம் விற்கிற இணையக் கடை விலையை டாலரில் காட்டும். நம் ஊர் டெபிட் கார்டு, யுபிஐ எதுவும் எடுபடாது. அந்த நாட்டுக் கிஃப்ட் கார்டு தேடி அலைய வேண்டும். ஆறு மாதம் விளையாடிச் சேர்த்த கோப்பைகளும், வாங்கிய கேம்களும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். விட்டுவரவும் மனம் வராது. எக்ஸ்பாக்ஸிலும் நிண்டெண்டோவிலும் நாட்டை மாற்ற வழி உண்டு. எக்ஸ்பாக்ஸில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் விடுவார்கள்.

டிஸ்க்கோடு கணக்கு மோதுகிற இடம் இன்னொன்று. அமெரிக்க டிஸ்க் இந்தியக் கணக்கில் ஓடும், அப்டேட்டும் இறங்கும். ஆனால் அதே கேமுக்கு இந்தியக் கடையில் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதி அந்த டிஸ்க்கோடு சேராமல் போகலாம். கூடுதல் பகுதி டிஸ்க்கின் பகுதியோடு பொருந்தியிருக்க வேண்டும். பெட்டிக்குள் 'கேம் இலவசம்' என்று வைத்திருக்கிற சீட்டுக் குறியீடும் அப்படித்தான்: எமிரேட்ஸ் பெட்டியில் வந்த சீட்டு எமிரேட்ஸ் கணக்கில்தான் செல்லும். இதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. பிஎஸ்5-ல் ஒரே பெட்டியில் பல கணக்குகள் வைக்கலாம். வெளிநாட்டுக் கணக்கு ஒன்றைத் தனியாகத் திறந்து, சீட்டை அதில் போட்டு, 'கன்சோல் ஷேரிங்' என்ற அமைப்பை அதில் இயக்கிவிட்டால், இந்தியக் கணக்கிலிருந்தும் அந்த கேமை ஆடலாம். ஆனால் அந்த அமைப்பு ஒரு கணக்குக்கு ஒரு பிஎஸ்5-ல் மட்டும்தான் வேலை செய்யும். துபாயில் இருக்கிற மச்சான் தன் பெட்டியில் அதை இயக்கிக்கொண்டால் இங்கே பூட்டு விழும்.

ஜப்பானில் வேலைக்குப் போயிருக்கிறவர்களிடம் ஸ்விட்ச் 2 கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2025 ஜூன் 5-ல் வந்த இந்த இயந்திரத்தை ஜப்பானில் இரண்டு வகையாக விற்றார்கள். 49,980 யென்னுக்கு விற்றது ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும், ஜப்பான் கணக்கோடு மட்டும் சேரும். பல மொழி வகைக்கு 69,980 யென். கடையில் மலிவாகக் கண்ணில் படுவது முதல் வகை. நம் வீட்டில் அது அழகான பேப்பர் வெயிட்.

சினிமா பார்க்கவும் பிஎஸ் வாங்குகிறவர்களுக்குப் பழைய பகுதிப் பூட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. ப்ளூ-ரே படங்களுக்கு அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் 'ஏ', ஐரோப்பாவும் வளைகுடாவும் 'பி', இந்தியா 'சி'. 'சி' என்று மட்டும் பூட்டிய டிஸ்க் துபாய்ப் பெட்டியில் ஓடாது. அமெரிக்கப் பெட்டிகளுக்கே உரிய தொல்லை வைஃபையில் வரும்: அவை பெரும்பாலும் 11-ம் சேனலோடு நின்றுவிடும். நம் ரவுட்டர் தானாகவே 12-க்கோ 13-க்கோ தாவிவிட்டால் வீட்டில் எல்லா போனிலும் நெட் வரும், கேம் பெட்டியில் மட்டும் நெட்வொர்க்கே தெரியாது. ரவுட்டரில் 1, 6, 11-ல் ஒன்றை நிலையாக வைத்தால் சரியாகிவிடும்.

சுங்கம் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 2016-ம் ஆண்டின் பேக்கேஜ் விதிகள், வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ திரும்பும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரையிலான பொருள்களுக்கு விலக்கு கொடுத்தன. மிஞ்சியதற்கு சர்சார்ஜோடு 38.5 சதவீதம் வரி இருந்தது. கணவன், மனைவி இருவரின் வரம்பையும் கூட்டி ஒரே பொருளுக்குக் காட்ட முடியாது என்பது அதிலேயே இருந்தது. இந்த எண்களை அரசு மாற்றிக்கொண்டே இருக்கும், ஆகையால் டிக்கெட் போடும்போது சுங்கத் துறை சொல்வதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் இறங்கினாலும் பெங்களூரில் இறங்கினாலும் விதி ஒன்றுதான். முதலில் வந்த பிஎஸ்5 நாலரைக் கிலோ எடை. பெட்டியோடு சேர்ந்தால் பேரீச்சம்பழத்துக்கும் சென்ட்டுக்கும் உள்ள இடத்தை அது தின்றுவிடும். அதற்கும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

கடைசியில் நிற்பது ரிப்பேர். வாரண்டி பொதுவாக வாங்கிய நாட்டோடு முடிந்துவிடுகிறது. பெட்டி எந்த ஊருக்கானது என்பதை மாடல் எண்ணே சொல்லிவிடும்: முதல் பிஎஸ்5-ல் 'சிஎஃப்ஐ-1008ஏ' என்றால் இந்தியாவில் விற்றது, 1015 அமெரிக்கா, 1000 ஜப்பான். அமெரிக்க எண்ணோடு இங்கே சர்வீஸ் சென்டருக்குப் போனால் இலவசம் எதையும் எதிர்பார்க்க முடியாது. அதோடு நம் வெயில் வேறு. பிஎஸ்5-ஐ 5 முதல் 35 டிகிரிக்குள் ஓட்டச் சொல்கிறது அதன் கையேடு. வேலூரில் ஏப்ரல், மே மத்தியானம் 40-ஐத் தாண்டுவது சகஜம். ஏசி இல்லாத மாடி அறையில், டிவி ஸ்டாண்டின் அடைத்த அறைக்குள் வைத்து ஆடினால் விசிறி கத்தும், பிறகு தானே அணைந்துவிடும். என்னைக் கேட்டால், கோடையில் சாயங்காலம் வரை அதைத் தொடாமல் இருப்பதே வாரண்டி இல்லாத பெட்டிக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

நம் ஊர் மொபைல் சர்வீஸ் கடைகளில் கைத்திறமைக்குக் குறைவில்லை. உடைந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டை ஹாட் ஏர் வைத்து எடுத்து மாற்றுவது, கன்ட்ரோலரின் தானாக நகரும் ஸ்டிக்கை மாற்றுவது, தூசு அடைத்த விசிறியைச் சுத்தம் செய்வது எல்லாம் தாராளமாகச் செய்வார்கள். பிஎஸ்5-ல் சிப்பின் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க்கை மட்டும் கழற்ற விடாதீர்கள். மற்ற பெட்டிகளில் அந்த இடத்தில் வெள்ளைப் பேஸ்ட் இருக்கும். இதில் இருப்பது திரவ உலோகம். மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி பக்கத்தில் வழிந்தாலும் ஷார்ட். பழக்கம் இல்லாதவர் பேஸ்ட் மாற்றுவதாக நினைத்துப் பஞ்சால் துடைத்தால் பலகை முழுக்க இழுவிவிடும். அந்த வேலை வந்தால், திரவ உலோகத்தை இதற்கு முன் கையாண்டிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோவது நல்லது. ஸ்விட்ச்சுக்கு இங்கே கம்பெனி உதிரி பாகமும் கிடையாது. கொண்டுவரச் சொல்லும்போதே கூடுதலாக அதன் கன்ட்ரோலரான ஜாய்-கான் ஒரு ஜோடியையும் அதே பெட்டியில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.